கொமடோர் 64-ஐ வச்சு லேப் மல்டிமீட்டரை ஓட்டுறது: வயரிங்ல இருந்து லாக் ஃபைல் வரைக்கும்

யூபிஎஸ்ல இருந்து கழட்டின 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரிங்க நாலு வீட்ல கிடக்கு. எது தேறும் எது தேறாதுன்னு தெரியணும்னா லோடு போட்டு டிஸ்சார்ஜ் பண்ணி மணிக்கணக்கா வோல்டேஜை எழுதிக்கிட்டே உக்காந்திருக்கணும், அந்த வேலைய கொமடோர் 64 கிட்ட குடுத்துட்டேன். மீட்டர் எச்பி 34401ஏ, ஆறரை டிஜிட் பெஞ்ச் மீட்டர், பின்னாடி ஆர்எஸ்-232 (சீரியல்), ஜிபிஐபி (லேப் கருவிகளை இணைக்கற பஸ், ஐட்ரிபிள்இ-488-ன்னும் சொல்வாங்க) ரெண்டு போர்ட்டும் இருக்கு. லோடு 10 ஓம் 50 வாட் அலுமினியம் ரெசிஸ்டர் (ஹீட்சிங்க்ல இறுக்கி மாட்டினாத்தான் அது 50 வாட், சும்மா மேஜை மேல வச்சா பாதி கூட தாங்காது). 30 செகண்டுக்கு ஒரு ரீடிங் டிஸ்க்ல ஏறணும், பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கினா கம்ப்யூட்டரே ரிலேவை விட்டு லோடை கழட்டிடணும். இவ்வளவுதான் ப்ராஜெக்ட்.

1982-ல வந்த 1 மெகாஹெர்ட்ஸ் மெஷின் இதுக்கு போதுமான்னு கேட்டா தாராளமா போதும். கணக்கு போட்டே பாக்கலாம். 34401ஏ ஒரு ரீடிங்கை அனுப்பும்போது 15 எழுத்து, கூட வரி முடிவுக்கு ரெண்டு, ஆக 17. ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட் பிட் 1, டேட்டா 8, ஸ்டாப் பிட் 2, ஆக 11 பிட். 1200 பாட்ல (செகண்டுக்கு 1200 பிட்) இது மொத்தமும் வந்து சேர 0.16 செகண்ட்தான். மீட்டரை 100 பவர் லைன் சைக்கிள்ல (கரண்டோட 100 அலை நேரத்துக்கு சராசரி எடுக்கற செட்டிங்) வச்சீங்கன்னா 50 ஹெர்ட்ஸ் ஊர்ல அது அளக்கறதுக்கே 2 செகண்ட் எடுக்கும், ஆட்டோ ஜீரோ போட்டிருந்தா இன்னும் ரெண்டு மடங்கு. அதாவது காத்திருக்கப்போறது கம்ப்யூட்டர்தான். நேரம் போறதெல்லாம் ஒரு வரி எந்த எழுத்துல முடியுது, யார் யாருக்காக நிக்கணும்ங்கற ரெண்டு விஷயத்துலதான், அதனால இந்த பதிவுலயும் அதுக்குத்தான் அதிக இடம் குடுத்திருக்கேன்.

கொமடோர் பேசிக்ல இருக்கற ஓப்பன், பிரிண்ட்#, இன்புட்#, கெட்# எல்லாம் இந்த மாதிரி வேலைக்கு ரொம்ப இயல்பா பொருந்தறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1977-ல வந்த பெட் கம்ப்யூட்டர்ல டிஸ்க்குக்கும் பிரிண்டருக்கும் ஐட்ரிபிள்இ-488 பஸ்ஸையே வச்சிருந்தாங்க, அது எச்பி தன்னோட லேப் கருவிகளுக்காக உருவாக்கி 1975-ல ஸ்டாண்டர்டா ஆன பஸ். டிவைஸ் நம்பர், செகண்டரி அட்ரஸ், டாக், லிசன் எல்லாம் அங்க இருந்து வந்ததுதான். விக்-20, 64 ரெண்டுலயும் செலவை குறைக்க அதையே சீரியல் பஸ்ஸா சுருக்கிட்டாங்க, ஆனா கமாண்ட் முறை அப்படியே தங்கிடுச்சு. பெட் வச்சிருக்கறவங்களுக்கு ஜிபிஐபி கருவி நேராவே பேசும், 64-காரங்க யூசர் போர்ட் (மெஷினுக்கு பின்னாடி இருக்கற எட்ஜ் கனெக்டர்) வழியா ஆர்எஸ்-232 போறதுதான் சுலபம்.

எதையும் மாட்டறதுக்கு முன்னாடி பவர் சப்ளைய பாருங்க. எபாக்சி ஊத்தி மூடின ஒரிஜினல் அடாப்டர்ல 5 வோல்ட் ரெகுலேட்டர் வயசானா மேல நோக்கித்தான் போகும், 5.2-ஐ தாண்டினா முதல்ல ராம் சிப்பு காலி. மீட்டர்தான் கையில இருக்கே, யூசர் போர்ட்ல பின் 1 கிரவுண்ட், பின் 2 +5 வோல்ட், அங்க அளந்து பாத்துட்டு அப்புறம் மத்த வேலை. அளக்கும்போது ப்ரோப் நழுவி பக்கத்து பின்னை தொடாம பாத்துக்கங்க. 10, 11-ல 9 வோல்ட் ஏசி வருது. கனெக்டர் 24 கான்டாக்ட், 3.96 மில்லிமீட்டர் பிட்ச், தலைகீழாவும் உள்ள போயிடும், அதனால 1-க்கும் 2-க்கும் நடுவுலயும் 10-க்கும் 11-க்கும் நடுவுலயும் போர்ட்ல வெட்டு இருக்கற இடத்துல கனெக்டர்ல சின்ன பிளாஸ்டிக் துண்டு வச்சு கட்டாயம் கீ பண்ணிடுங்க. யூசர் போர்ட்டுக்கு பின்னாடி 6526 இன்புட்-அவுட்புட் சிப்பு எந்த பஃபரும் இல்லாம நேரா நிக்குது, பவர் ஆன்ல இருக்கும்போது சொருகறது கழட்டறது ரெண்டுமே கூடாது. அந்த சிப்பு இப்ப புதுசா யாரும் பண்றதில்ல.

யூசர் போர்ட்ல வர்றது டிடிஎல் லெவல் (0-ல இருந்து 5 வோல்ட்), மீட்டர் கேக்கறது நிஜ ஆர்எஸ்-232 லெவல் (ப்ளஸ், மைனஸ் வோல்டேஜ்), நடுவுல மேக்ஸ்232 ஐசி ஒண்ணு, நாலு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். போர்ட்டோட எம் பின் (அனுப்பறது) ஐசியோட 11-க்கு போகணும், 14-ல இருந்து மீட்டரோட 9 பின் கனெக்டர்ல 2-க்கு. மீட்டரோட 3-ல இருந்து ஐசி 13-க்கு, 12-ல இருந்து வர்ற வயரை யூசர் போர்ட்ல பி, சி ரெண்டுக்கும் சேத்து குடுக்கணும். நிறைய பேர் சி-க்கு மட்டும் குடுத்துட்டு ஒண்ணுமே வரலைன்னு நிப்பாங்க. பி-ல இருக்கறது ஃப்ளாக் லைன், ஸ்டார்ட் பிட் வந்ததுன்னு ப்ராசசரை தட்டி எழுப்பறது அதுதான், சி-ல இருந்து பிட்டை படிக்கறது அதுக்கப்புறம்தான். கிரவுண்ட் ஏ-ல இருந்து மீட்டரோட 5-க்கு.

மீட்டர் பக்கம் இன்னொரு சமாச்சாரம். 34401ஏ டிடிஆர்/டிஎஸ்ஆர் ஹேண்ட்ஷேக் (டிடிஆர் தான் ரெடின்னு சொல்ற வயர், டிஎஸ்ஆர் எதிராளி ரெடியான்னு பாக்கற வயர்) பாக்கும், அதோட டிஎஸ்ஆர் (பின் 6) ஆன்ல இல்லன்னா பதிலை அனுப்பாம நிறுத்தி வச்சுக்கும். வழக்கமா எல்லாரும் பண்றது 4-ஐயும் 6-ஐயும் மீட்டர் கனெக்டர்லயே ஜம்பர் போட்டு சேத்துடறது. இந்த மீட்டர்ல அது வேலைக்காகாது, ஏன்னா ஒரு கேள்வி வந்து அதுக்கு பதில் ரெடியானதும் மீட்டர் தன்னோட டிடிஆரை (பின் 4) ஆஃப் பண்ணும், "நான் பேசப்போறேன், நீ அனுப்பாதே"ன்னு அர்த்தம். ஜம்பர் இருந்தா அந்த ஆஃப் அப்படியே அதோட டிஎஸ்ஆருக்கு திரும்பி வரும், உடனே எதிராளி ரெடி இல்லன்னு நினைச்சு அதுவே வாயை மூடிக்கும். அதுக்கு வழி, மேக்ஸ்232-ல சும்மா இருக்கற ரெண்டாவது டிரைவரை எடுத்துக்கங்க, ஐசியோட 10-ஐ கிரவுண்ட் பண்ணுங்க, 7-ல எப்பவும் பாசிடிவ் வோல்டேஜ் நிக்கும், அதை மீட்டரோட 6-க்கு குடுத்துடுங்க. அதனாலதான் கடையில ரெடிமேடா விக்கற குட்டி போர்டை விட ஐசிய தனியா வாங்கி டாட் போர்டுல போடுங்கன்னு சொல்றேன், அந்த போர்டுகள்ல பெரும்பாலும் ஒரு சேனலை மட்டும்தான் வெளிய எடுத்திருப்பாங்க.

மீட்டரோட ஐ/ஓ மெனுல இன்டர்ஃபேஸ் ஃபேக்டரியில இருந்து ஜிபிஐபில இருக்கும், அதை ஆர்எஸ்-232-க்கு மாத்தணும், பாட் ரேட் 9600-ல இருக்கும் அதை 1200 ஆக்கணும், பாரிட்டி ஈவன் 7 பிட்ல இருக்கும் அதை நன் 8 பிட் ஆக்கணும். ஸ்டாப் பிட் எப்பவும் ரெண்டுதான், மாத்த முடியாது. இதெல்லாம் பவர் போனாலும் மறக்காது, ஒரு தடவை செஞ்சா போதும்.

இப்ப ஓப்பன் வரி. டிவைஸ் நம்பர் 2-ன்னா ஆர்எஸ்-232. ஃபைல் பேர் இருக்கற இடத்துல ரெண்டு கேரக்டர் குடுக்கணும், முதல்ல கன்ட்ரோல் பைட், அடுத்து கமாண்ட் பைட். 1200 பாட்டுக்கு 8, ரெண்டு ஸ்டாப் பிட்டுக்கு 128, எட்டு பிட் டேட்டாவுக்கு 0, ஆக 136. கமாண்ட் பைட் 0, அதாவது பாரிட்டி இல்ல, மூணு வயர் முறை. ஈவன் 7 பிட்லயே மீட்டரை வச்சிருக்கணும்னு ஆசைப்பட்டா 168-ம் 96-ம் குடுங்க. 2400-க்கும் 64-ஓட ரோம்ல இடம் இருக்கு, 8-க்கு பதிலா 10 போடணும், ஆனா அங்க ஸ்க்ரீன் வேலை குறுக்க வந்து பிட்டு பிசகும், 53265-ங்கற மெமரி இடத்துல 16-ங்கற பிட்டை அணைச்சு ஸ்க்ரீனை மறைச்சாத்தான் நிம்மதி. 30 செகண்டுக்கு ஒரு ரீடிங்குக்கு அதெல்லாம் எதுக்கு, 1200 போதும்.

ஃபைல் நம்பரை 2-ன்னோ 5-ன்னோ வைக்காம 130-ன்னு வச்சிருக்கேன், அதுல ஒரு விஷயம் இருக்கு. கொமடோர் பேசிக் பிரிண்ட்# முடிவுல கேரேஜ் ரிட்டர்ன், அதாவது 13 மட்டும்தான் அனுப்பும். இன்னிக்கு இருக்கற எஸ்சிபிஐ (லேப் கருவிகளுக்கான பொது கமாண்ட் மொழி) கருவிங்க எல்லாம் லைன் ஃபீட், அதாவது 10 வந்தாத்தான் "சரி, கமாண்ட் முடிஞ்சது"ன்னு எடுத்துக்கும். ஃபைல் நம்பர் 128 அல்லது அதுக்கு மேல இருந்தா பேசிக் தானாவே 13-க்கு பின்னாடி 10-ஐயும் சேத்து அனுப்பும். மீட்டர் ரெண்டும் சேந்து வந்தா தாராளமா ஏத்துக்கும். லைன் ஃபீட் மட்டும் போதும்னு அடம்பிடிக்கற கருவி ஏதாவது இருந்தா வரிக்கு கடைசில 10-ஐ கையால சேத்து செமிகோலன் போட்டு முடிங்க.

இன்னொண்ணு, இது தெரியாம ப்ரோக்ராம் எழுதினா தலைய பிச்சுக்க வேண்டியதுதான்: ஆர்எஸ்-232 ஓப்பன் பண்ணும்போது மெமரியோட மேல் முனையில 256 பைட்ல ரெண்டு பஃபர் ஒதுக்கி, அதோட எல்லா வேரியபிளையும் அழிச்சுடும். அதனால ஓப்பன்தான் ப்ரோக்ராம்ல முதல் வரி, டிம், மாறிலி எல்லாம் அதுக்கப்புறம். க்ளோஸ் பண்ணும்போதும் இதே கதைதான், ஒதுக்கினதை திருப்பி தரும்போது மறுபடியும் எல்லாம் துடைச்சுடும், அதனால அளந்த டேட்டா டிஸ்க்ல ஏறற வரைக்கும் க்ளோஸ் பக்கமே போகாதீங்க.

ஓப்பன் ஆனதும் ஒரு வெறும் கெட்# போட்டு வர்றதை தூக்கி எறிஞ்சுடணும், அப்பத்தான் ரிசீவர் விழிக்கும். அப்புறம் முதல் கமாண்ட் சிஸ்டம் ரிமோட். ஜிபிஐபில இது தேவையில்ல, ஆர்எஸ்-232-ல இதை அனுப்பாம ரீட் கேட்டா மீட்டர் டிஸ்ப்ளேல எரர்னு வரும், கேட்டுப் பாத்தா 550, லோக்கல்ல இந்த கமாண்டுக்கு அனுமதி இல்லன்னு சொல்லும். ரிமோட் அனுப்பிட்டு ஒரு செகண்ட் விட்டு அடுத்ததை அனுப்புங்க. அடுத்தது கான்ஃபிகர் டிசி வோல்ட், ரேஞ்ச் 100. பேட்டரி 12 வோல்ட்டை சுத்தித்தான் இருக்கும், அதனால ரேஞ்சை கட்டிப் போட்டுடறது நல்லது, ஆட்டோ ரேஞ்ச் முடிவெடுக்கற நேரம் மிச்சம். மெஷர் கமாண்டை ஒவ்வொரு தடவையும் அனுப்பறவங்க இருக்காங்க, அது ஒவ்வொரு தடவையும் செட்டிங்கை முதல்ல இருந்து போடும், நீங்க வச்ச பவர் லைன் சைக்கிள் எல்லாம் போயிடும். கான்ஃபிகர் ஒரு தடவை, அப்புறம் ரீட் மட்டும், இதுதான் என் சிபாரிசு.

எழுத்து விஷயத்துல 64 நமக்கு சாதகமாத்தான் இருக்கு. பவர் போட்டதும் வர்ற மோடுல ஷிஃப்ட் இல்லாம அடிக்கற எழுத்து எல்லாம் ஆஸ்கி கேபிடல் எழுத்தோட அதே நம்பர்தான், கோலன், நட்சத்திரம், கேள்விக்குறி எல்லாமே அதே இடம், அதனால எஸ்சிபிஐ கமாண்ட் மாத்தாம அப்படியே போயிடும். மீட்டர் டிஸ்ப்ளேல நம்ம வார்த்தைய காட்டணும்னா (12 எழுத்து வரைக்கும் விடும்) அதை மேற்கோள் குறிக்குள்ள குடுக்கணும், பேசிக் ஸ்ட்ரிங்குக்குள்ள டபுள் கோட் போட முடியாது, ஆனா சிங்கிள் கோட் குடுத்தா மீட்டர் ஏத்துக்கும், அதுக்காக 34-ஐ எல்லாம் தனியா ஒட்ட வேண்டியதில்ல. டிஸ்சார்ஜ் முடிஞ்சதும் மீட்டர்லயே "முடிஞ்சது"ன்னு இங்கிலீஷ்ல காட்ட வச்சிருக்கேன், அடுத்த ரூம்ல இருந்து எட்டிப் பாத்தாலே தெரியுது.

திரும்பி வர்றதுலதான் கவனம் வேணும். பதிலை படிக்க இன்புட்# போடாதீங்க. டேட்டா வரலைன்னா அது அங்கயே நிக்கும், 80 எழுத்துக்கு மேல தாங்காது, கமா அல்லது கோலன் வந்தா அங்கயே வெட்டிடும். மீட்டர்கிட்ட எரர் என்னன்னு கேட்டா அது நம்பர், கமா, அப்புறம் கோட்டுக்குள்ள செய்தின்னுதான் சொல்லும், அதுல பாதிதான் கிடைக்கும். கெட்#-ல ஒவ்வொரு எழுத்தா எடுத்து 10 வர்ற வரைக்கும் சேத்துக்கிட்டே போங்க, 13 வந்தா தூக்கி போடுங்க. எழுத்து எதுவும் வரலைன்னா கெட்# வெறும் ஸ்ட்ரிங் தரும், அதை நேரா கோடு நம்பரா மாத்த கேட்டா இல்லீகல் குவாண்டிட்டின்னு ப்ரோக்ராம் நின்னுடும், பின்னாடி ஒரு 0 கேரக்டரை ஒட்டி கேளுங்க. கூடவே ஒரு டைம் அவுட் கண்டிப்பா வேணும்: லூப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி டிஐ (செகண்டுக்கு 60 தடவை ஏறற பேசிக் டைமர்) மதிப்பை எடுத்து வச்சுக்கங்க, 300 ஜிஃபி, அதாவது 5 செகண்ட் தாண்டியும் 10 வரலைன்னா வெளிய வந்து எரரை கேளுங்க. 511 வந்தா ஃப்ரேமிங், பாட் ரேட்டோ பிட் கணக்கோ ஒத்துப்போகல. 513 வந்தா பாரிட்டி. வயரை தொடறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு நம்பர் இருக்கான்னு பாத்தீங்கன்னா பாதி நேரம் மிச்சம்.

எரர் செய்தில சின்ன எழுத்து வரும், அது ஸ்க்ரீன்ல கோடும் கட்டமுமா தெரியும். பயப்பட வேண்டாம், 97-ல இருந்து 122 வரைக்கும் வந்தா 32-ஐ கழிச்சுட்டு காட்டுங்க, படிக்கற மாதிரி ஆயிடும். ரீடிங்குக்கு இந்த கவலையே இல்ல, +1.25000000E+01 மாதிரி வர்றதை வேல் ஃபங்ஷன் அப்படியே எண்ணா மாத்தும், பேசிக்கோட 5 பைட் எண் 9 இலக்கம் வரைக்கும் பிடிக்கும், ஆறரை டிஜிட் மீட்டருக்கு இது அதிகமாவே இருக்கு. ரீடிங்கை ஸ்ட்ரிங் அரேல சேத்து வைக்காதீங்க, எண்ணா மாத்தி வைங்க. எழுத்து எழுத்தா ஒட்டும்போது மெமரில குப்பை சேரும், பெரிய ஸ்ட்ரிங் அரே இருந்தா அந்த குப்பைய கூட்டறதுக்கு 64 ரொம்ப நேரம் உறைஞ்சு போய் நிக்கும், அந்த நேரத்துல ரிலேவை விட வேண்டி வந்தா யார் விடுவாங்க.

நேரத்துக்கு டிஐ-ய நம்பாதீங்க, டைம் அவுட்டுக்கு மட்டும்தான் அது. டிஸ்க் வேலை நடக்கும்போது இன்டரப்ட் தள்ளிப்போய் அது பின்தங்கும், மணிக்கணக்கா ஓடற லாக்ல இது தெரியும். முதல் 6526-லயே ஒரு நிஜ கடிகாரம் இருக்கு, 56328-ல பத்தில் ஒரு செகண்ட், 56329 செகண்ட், 56330 நிமிஷம், 56331 மணி, எல்லாம் பிசிடி முறைல (ஒவ்வொரு இலக்கத்துக்கும் நாலு பிட்). எழுதும்போது மணிய முதல்ல எழுதுங்க, கடிகாரம் நிக்கும், பத்தில் ஒரு செகண்டை கடைசியா எழுதினதும் ஓட ஆரம்பிக்கும். படிக்கும்போதும் மணியில இருந்து ஆரம்பிங்க, அப்ப மதிப்பு உறைஞ்சு நிக்கும், 56328-ஐ படிச்சதும்தான் விடும். இந்த கடிகாரம் ஓடறது அடாப்டர்ல இருந்து வர்ற 9 வோல்ட் ஏசியோட அலையை எண்ணி. பவர் ஆன் ஆகும்போது 60 ஹெர்ட்ஸ்னு நினைச்சுக்கிட்டுதான் எழும், 50 ஹெர்ட்ஸ் கரண்டுல 56334-ல 128-ங்கற பிட்டை போட்டு விடணும், இல்லன்னா 6 செகண்டுக்கு 5 செகண்ட்தான் காட்டும். ஆம்பியர்-அவர் கணக்கு அப்படியே அந்த விகிதத்துல தப்பாயிடும்.

ரிலேவுக்கு யூசர் போர்ட்ல ஜே பின், அதாவது பிபி5. மூணு வயர் ஆர்எஸ்-232 இதை தொடாது. இங்க எந்த பக்கம் ஆன்ங்கறதை முன்னாடியே யோசிக்கணும்: ரீசெட் ஆனா 6526-ஓட பின்னெல்லாம் இன்புட்டா மாறி புல்-அப்பால மேல போய் நிக்கும். பின் மேல போனா ரிலே பிடிக்கற மாதிரி ட்ரான்சிஸ்டர் போட்டீங்கன்னா கம்ப்யூட்டர் செத்த நேரத்துல லோடு மாட்டிக்கும், பேட்டரி வறண்டு போகும். கீழ இழுத்தா பிடிக்கற மாதிரி இருக்கணும். கடைகள்ல கிடைக்கற நீல ரிலே வச்ச ஆப்டோ மாட்யூல் நிறைய இப்படி லோ லெவல் ட்ரிகர் வகைதான், நமக்கு அது கச்சிதம். ஆனா காயில் கரண்டை யூசர் போர்ட்ல இருந்து எடுக்காதீங்க, பின் 2 மொத்தமே 100 மில்லிஆம்பியர்தான் தரும், மேக்ஸ்232-ம் அதுலதான் நிக்குது. மாட்யூல்ல இருக்கற ஜம்பரை எடுத்துட்டு காயிலுக்கு தனியா ஒரு போன் சார்ஜர் குடுத்துட்டேன். ப்ரோக்ராம்ல ஆர்எஸ்-232 ஓப்பன் ஆனதுக்கு அப்புறம்தான் டைரக்‌ஷன் செட் பண்ணணும், ஏன்னா ஓப்பனே 56579-ஐ 6-ன்னு மாத்தி எழுதும். முதல்ல 56577-ல 32-ஐ ஏத்துங்க, பிறகு 56579-ல 32-ஐ ஏத்துங்க, இந்த வரிசைல பண்ணா ரிலே ஒரு கணம் கூட துடிக்காது.

பேட்டரில இருந்து ரெண்டு ஜோடி வயர் எடுத்திருக்கேன், கரண்ட் போறது தனி, மீட்டருக்கு போறது தனி. ஒரே வயர்ல எடுத்தா அதுல விழற வோல்டேஜும் சேந்து பேட்டரிய குறைச்சு காட்டும். லோடோட மதிப்பை பேட்டரி கிளிப்புல இருந்தே, வயர், ரிலே கான்டாக்ட் எல்லாம் சேத்து, மீட்டரோட நாலு வயர் ஓம்ஸ்ல அளந்து ப்ரோக்ராம்ல போட்டுட்டேன். அப்புறம் வோல்டேஜை அதால வகுத்தா கரண்ட், நேரத்தால பெருக்கி கூட்டினா ஆம்பியர்-அவர்.

டிஸ்க்ல எழுதறது கொஞ்சம் நாசூக்கான இடம். 1541 டிஸ்க் டிரைவோட சீரியல் பஸ் ஓடும்போது கெர்னல் (64-ஓட ரோம்ல இருக்கற ஆபரேட்டிங் சிஸ்டம்) ஆர்எஸ்-232-ஐ நிறுத்தி வைக்கும், அந்த நேரத்துல மீட்டர் ஏதாவது அனுப்பினா அது காத்தோட போச்சு. மீட்டர் கேட்டாத்தான் பேசும்ங்கறதால நமக்கு தப்பிக்க வழி இருக்கு: கேளு, முழு பதிலையும் வாங்கு, அப்புறம் டிஸ்க், அப்புறம் வெறும் கெட்# ஒண்ணு போட்டு ரிசீவரை எழுப்பு, அடுத்த ரீடிங்குக்கு காத்திரு. இந்த வரிசைய மாத்தாதீங்க. பத்து ரீடிங்குக்கு ஒரு தடவை ஃபைலை அப்பெண்ட் முறைல திறந்து எழுதி உடனே மூடறேன், கரண்ட் போனா அதிகபட்சம் அஞ்சு நிமிஷ டேட்டாதான் போகும். திறந்தே வச்சிருந்து கரண்ட் போனா டிஸ்க்ல அந்த ஃபைல் மூடாத ஃபைலா நின்னு சாதாரண முறைல படிக்க முடியாம போயிடும்.

நாலு பேட்டரில ரெண்டு தேறுச்சு. 7 ஆம்பியர்-அவர்னு மேல எழுதியிருக்கறது 20 மணி நேர கணக்கு, அதாவது 0.35 ஆம்பியர் எடுத்தா. நம்ம லோடு 1.2 ஆம்பியர், புது பேட்டரியே அதுல 7 தராது, அதனால 5-ஐ ஒட்டி வந்ததை நல்லதுன்னு எடுத்துக்கிட்டேன். தேறாத ஒண்ணோட கிராஃப் பாக்கணும், 12 வோல்ட்டுக்கு மேல ஒழுங்கா நின்னுட்டு திடீர்னு ஏறக்குறைய 2 வோல்ட் அப்படியே படியா இறங்குது, ஆறு செல்லுல ஒண்ணு முதல்லயே காலியாயிட்டதோட அடையாளம் அது. 30 செகண்டுக்கு ஒண்ணுன்னு எடுத்ததாலதான் அந்த படி தெரியுது, கையால அரைமணிக்கு ஒரு தடவை எழுதியிருந்தா சரிவுன்னு நினைச்சிருப்போம். ஃபைலை பிசிக்கு எடுத்தா எண்ணெல்லாம் அப்படியே படிக்கலாம், வரி முடிவுல 13 மட்டும் இருக்கும் அதை 10-ஆ மாத்தினா ஸ்ப்ரெட்ஷீட் எடுத்துக்கும். எண்ணுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு ஸ்பேஸ் இருக்கும், பேசிக் அப்படித்தான் எழுதும். அதே ஸ்பேஸ் பழைய கருவிக்கு கமாண்டா போனா சிலது ஏத்துக்காது, அங்க எண்ணை ஸ்ட்ரிங்கா மாத்தி ரெண்டாவது எழுத்துல இருந்து எடுத்து அனுப்புங்க.

ஜிபிஐபி மட்டும் இருக்கற கருவி, உதாரணமா எச்பி 3478ஏ, அதுக்கு எஸ்சிபிஐ கிடையாது, எஃப்1 போட்டா டிசி வோல்ட், ஆர்ஏ போட்டா ஆட்டோ ரேஞ்ச், என்5 போட்டா அஞ்சரை டிஜிட், டி3 போட்டா ஒரு ரீடிங், எல்லாத்தையும் இடைவெளி இல்லாம ஒரே வரில ஒட்டி அனுப்பலாம், எனக்கு இது எஸ்சிபிஐ-ய விட பிடிக்கும், பேசிக் வரி நீளம் மிச்சமாகுது. பெட்ல இதுக்கு ஒரு எட்ஜ் கனெக்டர் கேபிள் போதும், ஆனா பெட் ஏறக்குறைய 65 மில்லிசெகண்டுக்குள்ள பதில் வரலைன்னா எஸ்டி-ல (பேசிக்கோட ஸ்டேட்டஸ் வேரியபிள்) 2 போட்டு விட்டுட்டு வந்துடும், அஞ்சரை டிஜிட் ரீடிங் அதுக்குள்ள வராது, அதனால எஸ்டி 2-ஆ இருக்கற வரைக்கும் திரும்ப திரும்ப படிக்கற லூப் வேணும். 64-க்கு அர்டுயினோல ஓடற ஏஆர்488 ப்ரோக்ராம் (அர்டுயினோவை ஜிபிஐபி அடாப்டரா மாத்தும்) நல்ல வழி, ஐசி எதுவும் வேண்டாம், ஊனோவும் 5 வோல்ட்தான், அதோட டிஎக்ஸ், ஆர்எக்ஸ் நேரா யூசர் போர்ட்டுக்கு வரலாம். கான்ஃபிக் ஃபைல்ல சீரியல் வேகம் 115200-ல இருக்கும், அதை 1200 ஆக்கி கம்பைல் பண்ணணும், ஸ்டாப் பிட் ஒண்ணுதான்ங்கறதால இங்க கன்ட்ரோல் பைட் 136 இல்ல, 8. ரெண்டு ப்ளஸ் குறி போட்டு ஆரம்பிச்சா அது அடாப்டருக்கான கமாண்ட், இல்லன்னா கருவிக்கு போகும். அதனால கருவிக்கு அனுப்பற எண்ல ப்ளஸ் குறி போடாம விட்டுடுங்க, போட்டே ஆகணும்னா அதுக்கு முன்னாடி 27-ஐ, அதாவது எஸ்கேப் எழுத்தை அனுப்பணும்.